நகத்தை வெட்டு, நகத்தை வெட்டுன்னா எப்படிங்க?

எந்த வயலின்காரர்கிட்ட போய் எந்தக் குறையைச் சொன்னாலும் சரி, என் வலது கையைப் பார்த்த அடுத்த நொடி ஒரே தீர்ப்புதான்.

"மொதல்ல நகத்தை வெட்டுங்க."

சுருதி சேரலையா? நகத்தை வெட்டு. வில் நடுங்குதா? நகத்தை வெட்டு. ரிகர்சலுக்கு லேட்டா? (இதுக்கும் அதையேதான் சொல்லியிருப்பாங்க. நான் கேட்டுப் பார்க்கல.)

ரொம்ப நாளா மனசுல வச்சிருந்ததை இன்னிக்குக் கொட்டிடறேன். நீளமா இருக்கும். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

நான் அடிப்படையில கிளாசிகல் கிட்டார் ஆளு. வயலின் பிற்பாடு வந்து ஒட்டிக்கிட்டது. வார இறுதியில கூடற ஒரு குட்டி ஸ்ட்ரிங் ஆர்கெஸ்ட்ராவுல செகண்ட் வயலின், கடைசி வரிசை. தலைக்கு மேல ஒரு பழைய ஃபேன் ஓடும். தப்பா வாசிச்சா அந்தச் சத்தத்துலயே கரைஞ்சிடும். அந்த தைரியத்துலதான் வண்டி ஓடிட்டிருந்துச்சு.

இந்தத் தடவை ஸ்டாண்டுல வந்து விழுந்தது 'பிட்ஸிகாட்டோ போல்கா'.

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. பிட்ஸிகாட்டோன்னா வில்லை ஓரம் கட்டிட்டு, வயலின் தந்தியை விரலால மீட்டி வாசிக்கறது. இந்த போல்காவை 1869-ல யோஹான் ஸ்ட்ராஸும் அவர் தம்பி யோசெஃபும் சேர்ந்து எழுதினாங்க. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கத்துல இருக்கற பாவ்லோவ்ஸ்க்ல அவங்க நடத்தின கோடைக்காலக் கச்சேரிக்காக எழுதினது. ஆரம்பத்துலருந்து முடிவு வரைக்கும் வில்லுக்கு வேலையே கிடையாது.

நோட்ஸைப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி. மீட்டறதுதானே? அதைத்தானே வருஷக்கணக்கா பண்ணிட்டிருக்கோம்? இத்தனை நாள் வில்லைப் பிடிக்கத் தெரியாதவன்னு பார்த்தவங்களுக்கெல்லாம் இன்னிக்குக் காட்டறேன்னு நிமிர்ந்து உக்காந்தேன்.

கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். பக்கத்து நாற்காலியில ஒரு காலேஜ் பொண்ணு, என் ஸ்டாண்ட் பார்ட்னர். குனிஞ்சு என் வயலினையே உத்துப் பார்த்துட்டு மெதுவா கேட்டுச்சு.

"அண்ணா, உங்க வயலின்ல ஏதோ லூசா இருக்கு போல. டிக் டிக்னு கேக்குது."

வயலின்ல எல்லாம் டைட்டாத்தான் இருந்துச்சு. டிக் டிக்குன்னது என் ஆள்காட்டி விரல் நகம்.

அதுக்குள்ள சார் காதுக்கும் எட்டிடுச்சு. (ஆர்கெஸ்ட்ராவை நடத்தறவரை எல்லாரும் சார்னுதான் கூப்பிடுவோம்.) கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார். அப்புறம் வந்துச்சு பாருங்க, அந்த வாக்கியம்.

"நகத்தை வெட்டிட்டு வாப்பா."

ஏதோ பக்கத்துக் கடைக்குப் போய் வெத்தலை வாங்கிட்டு வான்னு சொல்ற மாதிரி!

இந்த நகத்துக்குப் பின்னாடி எவ்வளவு பாடு இருக்குன்னு வயலின்காரங்களுக்குப் புரியவே புரியாது. வலது கையில கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல், மோதிர விரல்னு நாலுக்கும் நகம் வேணும். சதைக்கு மேல ஒன்னு ரெண்டு மில்லிமீட்டர்தான், ஆனா அந்த ஒன்னு ரெண்டுலதான் எல்லாமே இருக்கு. நகத்தோட ஓரம் எந்தச் சரிவுல இருக்கணும், தந்தி எங்க ஏறி எங்க இறங்கணும்னு ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கணக்கு. ராவி முடிச்சாலும் வேலை தீராது, ஓரத்தைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கணும். அதுக்கு 2000-ம் நம்பர் வாட்டர் பேப்பர். ஹார்டுவேர் கடையில போய்க் கேட்டா, "எந்த வண்டிக்கு சார்?"னு கேப்பாங்க. நகத்துக்குன்னு சொல்லிப் பாருங்க, அப்புறம் மிச்சச் சில்லறையைக் கூட கையில தராம மேஜையில வச்சிடுவாங்க.

இதுல நம்ம ஊர்ச் சிக்கல் வேற. கிளாசிகல் கிட்டார் வளர்ந்த ஸ்பெயின்ல ஃபோர்க் இருக்கு. நாம சாப்பிடற கைதான் மீட்டற கையும். வத்தக்குழம்பு பிசைஞ்சு சாப்பிட்டா நாலு நகமும் மஞ்சள். அம்மாவுக்கு நான் சாப்பாட்டுல கை வைக்கறதைப் பார்த்தாலே ஆகாது. "நகக்கண்ணுல என்னடா இருக்கு?"ன்னு வட்டமேஜை விசாரணை நடக்கும். சின்ன வெங்காயம் உரிக்கற வேலையிலருந்து எனக்கு நிரந்தர விலக்கு. (இது ஒன்னுதான் லாபம்.)

நகம் உடைஞ்சா இன்னும் கூத்து. கிட்டார்காரங்க வட்டாரத்துல ரொம்பப் பழைய வைத்தியம் ஒன்னு உண்டு. டேபிள் டென்னிஸ் பந்தை வெட்டி, நகம் மாதிரி வடிவமாக்கி, ஃபெவிக்விக் போட்டு அடியில ஒட்டறது. பந்தோட வளைவும் நகத்தோட வளைவும் அப்படிப் பொருந்தும். இதுக்கு செல்லுலாய்டு பந்துதான் வேணும். 2014-லருந்து சர்வதேசப் போட்டிகள்ல வேற பிளாஸ்டிக் பந்துக்கு மாறிட்டாங்க. செல்லுலாய்டு சட்டுனு தீப்பிடிக்கற சாமான், அதுவும் ஒரு காரணம். அதனால பழைய பந்து யாராவது வச்சிருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. எனக்கு அனுப்புங்க.

விரல் நகம் மாசத்துக்குச் சுமார் மூணு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு போல்காவுக்காக வெட்டிட்டா மறுபடி வளர்ந்து, ராவி, வழிக்கு வர்ற வரைக்கும் கிட்டாரை உறை போட்டு மூடி வைக்கணும். போல்கா எத்தனை நேரம் ஓடும்? சுமார் மூணு நிமிஷம்.

மாட்டேன்னுட்டேன். வாய்விட்டு இல்ல, மனசுக்குள்ள. வெளியில "சரிங்க சார்"தான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்தேன். ஏன் டிக்னு கேக்குது? கிட்டார்லயும் இதே நகம்தான், இதே விரல்தான். அங்க யாரும் ஏதோ லூசா இருக்குன்னு சொன்னதில்லையே?

ரெண்டையும் மாத்தி மாத்தி மீட்டிக் கேட்டதுல விஷயம் பிடிபட ஆரம்பிச்சது. கிட்டார்ல தந்தி நீளம் 65 சென்டிமீட்டர். வயலின்ல அதுல பாதி, 33-க்குக் கொஞ்சம் கம்மி. கிட்டார்ல ஒரு தடவை மீட்டினா சத்தம் நிதானமா நின்னு பேசும். நகம் படற சத்தம் அங்கயும் இருக்கு, ஆனா பின்னாடியே வர்ற நாதம் அதை மூடிடும். வயலின்ல மீட்டினா? 'டும்'னு வந்து, அந்த 'ம்' முடியறதுக்குள்ள காணாம போயிடும். வயலின் உடம்பே அப்படித்தான் கட்டியிருக்கு. வில் ஓயாம சக்தியைக் கொடுத்துக்கிட்டே இருக்கும், அதனால வர்ற சக்தியை அப்பப்போ சத்தமா வெளிய தள்ளிடறதுதான் அதோட வேலை. சேமிச்சு வச்சுக்கற பழக்கமே கிடையாது. இது போதாதுன்னு இடது கையில ஃப்ரெட்டும் இல்ல. கிட்டார்ல தந்தி உலோகக் கட்டையில போய் நிக்குது. வயலின்ல விரல் சதைதான் எல்லை, அது பாதிச் சத்தத்தைக் குடிச்சிடும்.

ஆக, கிட்டார்ல நகச் சத்தம் பேச்சுக்கு முன்னாடி வர்ற செருமல். வயலின்ல மொத்தப் பேச்சே அந்தச் செருமல்தான்.

அதோட, கூர்மையான முனையால தந்தியை இழுத்து விட்டா மேல்ஸ்தாயி ஒத்திசைகள் நிறையக் கிளம்பும். சத்தம் மெலிசா, பளீர்னு இருக்கும். அகலமான சதையால இழுத்து விட்டா தந்தியோட வளைவு மழுங்கி, மேல்ஸ்தாயி குறைஞ்சு, உருண்டையா வரும். வயலின்காரங்க பெரும்பாலும் ஆள்காட்டி விரல் சதையால மீட்டறது இந்த உருண்டைக்காகத்தான். சுத்தி இருபது பேர் உருண்டையா வாசிக்கும்போது நடுவுல ஒருத்தன் மட்டும் டைப்ரைட்டர் தட்டினா, சார் கண்ணாடியை இறக்கத்தான் செய்வார். அந்த அளவுக்கு நான் நியாயஸ்தன்.

ஆனா சதை இருக்கே என்கிட்டயும்! நகத்துக்கு அடியிலதானே இருக்கு. அதை எப்படித் தந்திக்குக் காட்டறதுங்கறதுதான் கேள்வி.

முதல்ல கிட்டார் பழக்கத்துலயே விரலை வளைச்சு, உள்ளங்கைப் பக்கமா இழுத்தேன். நகம் தந்திக்கு அடியில கொக்கி மாதிரி மாட்டிக்கிச்சு. தந்தி மேல கிளம்பி, திரும்பி வந்து ஃபிங்கர்போர்டுப் பலகையில 'சடார்'னு அறைஞ்சது. இந்தச் சத்தத்துக்கு 'பார்டோக் பிட்ஸிகாட்டோ'ன்னே பேரு. ஹங்கேரிக்காரர் பேலா பார்டோக் 1928-ல எழுதின நாலாவது ஸ்ட்ரிங் குவார்ட்டெட்ல நாலாவது பகுதி முழுக்க பிட்ஸிகாட்டோதான், நடு நடுவுல இந்த அறையும் விழும். அங்க அது அழகு. வியன்னா போல்காவுல நீங்க பாட்டுக்கு அறைஞ்சா, டான்ஸ் ஆடறவங்க சுவர் பக்கம் ஒதுங்கிடுவாங்க.

இதுக்கு மருந்து 1756-லயே எழுதி வச்சிருக்காங்க. மொஸார்ட்டோட அப்பா லியோபோல்ட் மொஸார்ட், வயலின் பாடப் புத்தகம் போட்டவர். (பையன் பொறந்த அதே வருஷம். வீட்டுல ரெண்டு பிரசவம்.) தந்தியை அடியிலருந்து தூக்காதே, பக்கவாட்டுல இழு, இல்லேன்னா திரும்பி வந்து பலகையில அடிச்சுக் கடகடக்கும்னு அதுல சொல்லியிருக்கார். பக்கவாட்டுல இழுத்தேன். அறை நின்னுடுச்சு. டிக் நிக்கல.

அடுத்தது நடு விரல். சதை கொஞ்சம் கொழுப்பா இருக்கும்னு சில வயலின்காரங்க அதாலயும் மீட்டுவாங்க. என் நடு விரல் நகம்தான் நாலுலயும் நீளம். அந்த யோசனை அதோட முடிஞ்சது.

கட்டை விரல் நல்லா வந்துச்சு. ரொம்பவே நல்லா வந்துச்சு. வயலினைத் தாடையிலருந்து எடுத்து கிட்டார் மாதிரி மடியில சாய்ச்சு வச்சுக்கிட்டு, கட்டை விரலைப் படுக்கவச்சு அதோட சதையால தடவினா... ஆஹா. வீணைக்கும் கிட்டாருக்கும் நடுவுல ஏதோ ஒரு ஊர். நீளமான பிட்ஸிகாட்டோ பகுதிகள்ல இப்படி மடியில வச்சு வாசிக்கற பழக்கம் இருக்கத்தான் செய்யுது. ஆனா எனக்கு ஒரு தனி வில்லங்கம். வயலின் மடிக்கு வந்த உடனே என் இடது கை தன்னைக் கிட்டார்னு நம்பிடுச்சு. இல்லாத ஃப்ரெட்டைத் தேடி, அதுக்குக் கொஞ்சம் பின்னாடி விரலை வைக்குது! எல்லா ஸ்வரமும் ஒரு மயிரிழை இறங்கி நிக்குது. வயலின்ல ஒரு மயிரிழைங்கறது ஊர் சிரிக்கற தூரம்.

பிளாஸ்டிக் பிக்கையும் எடுத்துப் பார்த்தேன், மறைக்கல. மாண்டலினுக்கும் வயலினுக்கும் ஒரே சுருதி அமைப்பு, ஜி டி ஏ ஈ. அதனால சரியா வரும்னு நினைச்சேன். மாண்டலின்ல ஒவ்வொரு சுருதிக்கும் ரெண்டு தந்தி இருக்கும். இதுல ஒத்தைத் தந்தி. கேக்கறதுக்கு ஜோடியைத் தொலைச்ச மாண்டலின் அழற மாதிரி இருந்துச்சு.

எங்க வீட்டுக்கு எதிர்ல ஒரு மாமி இருக்காங்க. கர்நாடக வயலின், நல்ல கை. இந்தக் கூத்தையெல்லாம் ஜன்னல் வழியா கேட்டுட்டே இருந்திருக்காங்க போல. காய் வாங்க இறங்கினப்போ பிடிச்சுட்டாங்க. "ஏன்டா, வில்லுதான் இருக்கே, அதை வச்சுண்டு எதுக்கு வயலினை நோண்டிண்டு இருக்கே?" பதில் சொல்லவே முடியாத கேள்வி. ஆனா அவங்களே இன்னொன்னும் சொன்னாங்க. அவங்க அக்கா வீணையாம். நகத்தால மீட்டறவங்க. வீணையில சிலர் விரல்ல கம்பி மாட்டிப்பாங்க, சிலர் சொந்த நகத்தாலயே மீட்டுவாங்க, சுண்டு விரலால பக்கத்துல இருக்கற மூணு தாளத் தந்தியைத் தட்டுவாங்க. "அவளுக்கு நகம் உடைஞ்சா ஆத்துல எழவு விழுந்த மாதிரி"ன்னாங்க. அப்பாடா, தெருவுல எனக்கு ஒரு ஆதரவு ஓட்டு.

கடைசியில வழி கிடைச்சது கோணத்துல.

வழக்கமா வயலின்காரங்க கட்டை விரலை ஃபிங்கர்போர்டு ஓரத்துல ஊன்றிக்கிட்டு, ஆள்காட்டி விரலைத் தந்திக்குக் குறுக்கால கொண்டு வருவாங்க. அப்படிக் குறுக்கால வந்தா முதல்ல போய் முட்டறது நகம்தான். நான் கையைக் கொஞ்சம் திருப்பி, ஆள்காட்டி விரல் தந்தி ஓடற திசையிலயே, வயலினோட தலைப் பக்கமா நீட்டற மாதிரி வச்சேன். இப்போ விரல் தந்தி மேல கிட்டத்தட்ட படுத்திருக்கு. நகத்தோட நுனி தந்தியோட நீளத்தைப் பார்த்துட்டிருக்கு, அதை மாட்டவே வழி இல்ல. தந்தியைத் தொடறது நுனிக்குக் கீழ இருக்கற சதை. இழுக்கும்போது விரலை மடக்கக் கூடாது (கிட்டார் கைக்கு இதுதான் சாகறதுக்குச் சமானம்). விரல் அப்படியே இருக்க, முன்கையைச் சின்னதா சுழட்டணும். தந்தி சதை மேல உருண்டு, பக்கவாட்டு ஓரமா நழுவிப் போகும்.

'டும்.'

வெறும் 'டும்.' டிக்கைக் காணோம்.

அந்த நிமிஷம் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லணும்போல இருந்துச்சு. வீட்டுல எல்லாரும் தூங்கிட்டாங்க. நான் பாட்டுக்கு ஒத்தை ஜி தந்தியை டும் டும்னு மீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

இதுல ரெண்டு சங்கடம் உண்டு, ஒளிக்காம சொல்லிடறேன். ஒன்னு, வேகம். முன்கையைச் சுழட்டற அசைவு விரலை மடக்கறதை விடப் பெருசு. ஓட்டமான இடங்கள்ல மூச்சு வாங்கும். அதுக்கு ஒரு குறுக்கு வழி வச்சிருக்கேன். வெறும் தந்தி ஸ்வரம் வர்ற இடத்துல இடது கையாலயே மீட்டிடறது. இடது கையில நகம் ஒட்ட வெட்டித்தான் இருக்கும், கிட்டாருக்கும் அதான் சட்டம். சதை சும்மாதானே கிடக்கு! பாகனினியோட 24-ம் காப்ரீஸ்ல ஒன்பதாவது வேரியேஷன் இடது கை பிட்ஸிகாட்டோவுக்குப் பேர் போனது. நான் அதுல நூத்துல ஒரு பங்கு கூட பண்ணல, ஒரு ஜி, ஒரு டி, அவ்வளவுதான். ஆனா வலது கைக்கு நடுவுல மூச்சு விட நேரம் கிடைக்குது.

இன்னொன்னு ஈ தந்தி. அது வெறும் எஃகு, கால் மில்லிமீட்டர் மொத்தம். மத்த மூணு தந்தியிலயும் கொஞ்சம் தப்பா பட்டாலும் மன்னிச்சிடும். இது மன்னிக்காது. அதுல நகம் உரசினா சத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், நகத்தோட கதியைப் பாருங்க. ஒரு நாள் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். ஆள்காட்டி நகத்தோட ஓரத்துல, ரம்பத்தால ஒரே ஒரு இழுப்பு இழுத்த மாதிரி மெலிசா ஒரு வெட்டு. அந்த வெட்டோட கிட்டாரை எடுத்தா நைலான் தந்தி ஒவ்வொரு தடவையும் அதுல மாட்டி 'க்ரிச்'. மறுபடியும் வாட்டர் பேப்பர்.

வில்லுல தேய்க்கற பிசின், அந்த ரோசினை வேற மறந்துட்டேனே. பிரிட்ஜ் பக்கத்துல, வில் ஓடற இடத்துல மீட்டவே கூடாது. விரல்ல இருக்கற எண்ணெய்ப் பிசுக்கு அங்க பட்டுட்டா அப்புறம் வில் வழுக்கும், அதனால எல்லாரும் ஃபிங்கர்போர்டு மேலதான் மீட்டுவாங்க. கிட்டார் கை சும்மா இருக்குமா? பழக்க தோஷத்துல கீழ இறங்கி இறங்கி பிரிட்ஜ் பக்கமே போயிடும். போனா நகத்துக்கு அடியில வெள்ளையா, பிசுபிசுன்னு ஒரு கோடு. வத்தக்குழம்பு மஞ்சளுக்கு மேல ரோசின் வெள்ளை. அம்மா அதைப் பார்த்த அன்னிக்கு நடந்ததை இங்க எழுத முடியாது.

அடுத்த ரிகர்சல்ல என் பார்ட்னர் குனிஞ்சு பார்க்கல. இடைவேளையில நானாத்தான் கேட்டேன். "என்னம்மா, இன்னிக்கு டிக் டிக் கேட்டுச்சா?" "இல்லண்ணா. வெட்டிட்டீங்களா?" கையை விரிச்சுக் காட்டினேன். ஒரு மந்திரவாதியைப் பார்க்கற மாதிரி பார்த்துச்சு. (ஈ தந்தியில ரெண்டு டிக் விழுந்தது. ஃபேன் காப்பாத்திடுச்சு.)

இந்த நகச் சண்டை ஒன்னும் புதுசு இல்லங்க. கிட்டார் உலகத்துல இருநூறு வருஷமா நடக்குது. ஃபெர்னாண்டோ சோர் நகம் இல்லாம சதையாலதான் வாசிச்சார். டியோனிசியோ அகுவாடோவுக்கு நகம்தான் எல்லாம். சோர் 1830-ல போட்ட பாடப் புத்தகத்துல நகக்காரங்களை ஒரு பிடி பிடிச்சிருக்கார். ஆனா அகுவாடோ அவரோட நெருங்கின நண்பர்! அவருக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்து, ரெண்டு பேரும் சேர்ந்து வாசிக்க 'ரெண்டு நண்பர்கள்'னு பேர் வச்சு ஒரு டூயட்டே எழுதினார். அப்புறம் தாரேகா. நகத்தோட வாசிச்சுப் பேர் வாங்கிட்டு, கடைசிக் காலத்துல நகத்தையே விட்டுட்டார். அவர் சீடர் எமிலியோ புஹோல் அதே வழியில போனார். செகோவியா நகமும் சதையும் சேர்ந்த சத்தத்தோட உலகம் பூரா சுத்தி வந்ததுல நகக் கட்சி ஜெயிச்ச மாதிரி ஆயிடுச்சு. இருநூறு வருஷம் பெரிய பெரிய ஆளுங்க அடிச்சுக்கிட்ட விஷயத்தை எங்க சார் மூணு வார்த்தையில முடிச்சுட்டார், பாருங்க.

வயலின்காரங்களுக்கு இந்தச் சண்டையே வராம போனதுக்குக் காரணம், பிட்ஸிகாட்டோ அவங்களுக்கு எப்பவும் ஓரத்து வேலை. 1624-ல மொண்டேவெர்டி வெனிஸ்ல அரங்கேத்தின 'தாங்க்ரேதியும் க்ளோரிந்தாவும்' சண்டைக் காட்சியில, வில்லை விட்டுட்டு ரெண்டு விரலால தந்தியை இழுங்கன்னு குறிப்பு எழுதினார். அதுவே அந்தக் காலத்துல அதிசயம். அப்புறமும் நாலு பார், எட்டு பார்னு வந்துட்டுப் போகும். சாய்கோவ்ஸ்கி நாலாவது சிம்ஃபனியில மூணாவது பகுதியில தந்திக்காரங்க எல்லாரும் ஆதியோடந்தமா பிட்ஸிகாட்டோ வாசிப்பாங்க. அந்த மாதிரி இடங்கள் கம்மி. விரல் நுனியைப் பத்தி உக்காந்து யோசிக்க வேண்டிய அவசியமே அவங்களுக்கு வரல. அதான் கேள்வி கேட்டா வெட்டு வெட்டுங்கறாங்க.

ஆனா (இங்கதான் நான் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கணும்) பிட்ஸிகாட்டோவுக்காக நகத்தை வெட்ட வேண்டியதில்லைன்னு நிரூபிச்ச கையோட இன்னொன்னும் தெரிஞ்சு போச்சு. நகத்தால உண்மையாவே அடி வாங்கறது வில்லு.

வில் பிடியில கட்டை விரலை லேசா மடக்கி, அதோட நுனியைக் குச்சியில வைக்கணும். பிடியோட உயிரே அந்த மடக்குதான். நுனியில நகம் நீட்டிக்கிட்டு இருந்தா சதைக்கு முன்னாடி நகம் போய்க் குச்சியில முட்டுது. வலிக்காம இருக்க விரல் தானா நிமிர்ந்துக்குது. விரல் நிமிர்ந்தா மணிக்கட்டு இறுகுது, மணிக்கட்டு இறுகினா வில் நடுங்குது. அட, ஆரம்பத்துல நான் கிண்டல் பண்ணின அந்த 'வில் நடுங்குதா, நகத்தை வெட்டு' இருக்கே... அது மட்டும் நெஜம்! என் வில்லுல தோல் சுத்தியிருக்கற இடத்துல, பிறை பிறையா நகத் தடம் பதிஞ்சிருக்கு. பிட்ஸிகாட்டோவைப் பத்தி இவ்வளவு ஆராய்ச்சி பண்ணாம இருந்திருந்தா அதைக் கவனிச்சிருக்கவே மாட்டேன்.

சின்னப் பசங்களுக்குச் சொல்லித் தர்ற மாதிரி கட்டை விரலைக் குச்சிக்குப் பதிலா ஃப்ராகுக்கு (வில்லுல கை பிடிக்கற பக்கத்துல இருக்கற கட்டை) வெளிய, அடியில வச்சுப் பார்த்தேன். நகத்துக்கு இடம் கிடைக்குது. சார் பார்த்துட்டு, "எந்த வகுப்பு படிக்கறே?"ன்னு கேட்டார். அந்தப் பிடியையும் விட்டாச்சு.

ஆக, கட்டை விரல் நகத்தை மட்டும் குறைச்சிட்டேன். முழுசா இல்ல, நுனியை மட்டும் சதையோட சமமா. கிட்டார்ல பேஸ் தந்திகளைக் கட்டை விரல் சதையாலதான் இப்போ தொடறேன். சத்தம் மெத்துன்னு வருது. சோரோட பாட்டுகளுக்கு இது பொருத்தமாவே இருக்கு, சொன்னா நம்ப மாட்டீங்க. ஸ்பானிஷ் நடனப் பாட்டுகளுக்குத்தான் அந்தக் கணீர் குறையுது. சுண்டு விரல் நகம் கிட்டாருக்குத் தேவையே இல்ல, வில் மேல வளைஞ்சு நிக்கவும் இடைஞ்சல், அதை வெட்டறதுல எனக்கு எந்தக் காலத்துலயும் தகராறு இருந்ததில்ல. ஆள்காட்டி, நடு, மோதிரம் மூணும் பத்திரமா இருக்கு. அதுகள்ல யாராவது கை வச்சா நடக்கறதே வேற.

இவ்வளவு பண்ணி டிக்கை ஒழிச்சிட்டு இப்போ என்ன தேடறேன் தெரியுமா? அந்த டிக் வேணும்னு கேக்கற பாட்டை! இருக்குங்க. பார்டோக்கே சில இடங்கள்ல நகத்தால மீட்டச் சொல்லி எழுதியிருக்கார். அதை விட எனக்குப் பிடிச்சது ரிம்ஸ்கி-கோர்ஸகோவோட 'காப்ரிச்சியோ எஸ்பான்யோல்', 1887. அதுல ஒரு இடத்துல தந்திக்காரங்களைக் கிட்டார் மாதிரி வாசிக்கச் சொல்லி நோட்ஸ்லயே குறிப்பு இருக்கு. கிட்டார் மாதிரி! செகண்ட் வயலின் கடைசி வரிசையில ஒரு நெஜக் கிட்டார்காரன் நகத்தோட ரெடியா உக்காந்திருக்கான்!

போல்கா முடிஞ்ச அன்னிக்கே சார்கிட்ட சொன்னேன். அடுத்து இதைப் போடலாம் சார், பிரமாதமா இருக்கும்னு.

சார் வயலினைப் பெட்டியில வச்சுக்கிட்டே கேட்டார். "டிரம்பெட் யாருப்பா வாசிப்பா?"

ஆள் இல்ல சார்.

"ட்ரோம்போன்? ஹார்ப்? அந்தக் கட்டையைக் கையில வச்சு டக டகன்னு தட்டுவாங்களே, அதுக்கு?"

"காஸ்டனெட் எங்கிட்ட ஒரு ஜோடி இருக்கு சார்"னேன்.

"சரி, அப்போ ஒரு ஆள் ஆச்சு. மிச்ச அம்பது பேரைக் கூட்டிட்டு வா"ன்னுட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிட்டார்.